மாரிக்கு முந்திய விறகு

சோளகக் காற்றின் வேகம் தணியத் தொடங்கியிருக்கின்றது. இன்னும் சில கிழமைகள் சென்றால் மாரி நம் முற்றத்திற்கு வந்துவிடும். கூரையின் ஒழுக்கு, கிணற்றடி வாய்க்கால், பிள்ளைகளின் குடை என்று எத்தனையோ காரியங்களை மழைக்கு முன்னரே நினைத்துக்கொள்ளும் நாம், அடுப்பில் எரிய வேண்டிய விறகை மட்டும் முதல் மழை பெய்து ஓய்ந்த பின்னரே நினைத்துக்கொள்கின்றோம். ஆகலின் இக்கிழமை விறகைப் பற்றியே வாசகர்களோடு பேச விரும்புகின்றோம்.

விறகைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கின்றது என்று நகைப்பவர்களும் இருப்பர். 2022ஆம் ஆண்டு வரை நாமும் அவ்வாறே நகைத்திருப்போம். அவ்வாண்டிலே சமையல் எரிவாயு கிடையாமல் மக்கள் வெற்றுச் சிலிண்டர்களை வீதியோரத்தில் வரிசையாக வைத்து நாட்கணக்கிற் காத்துக் கிடந்தமையை எவரும் மறந்திருக்கமாட்டார். எமது இல்லத்திலும் சிலிண்டர் ஓய்ந்துவிட்டது. எழுபது வயதைக் கடந்த எமது தாயார் மாத்திரம் கலங்கவில்லை. பின்புறத்துக் குசினியிலே பல ஆண்டுகளாகப் பாவனையின்றிக் கிடந்த அடுப்பைச் சாணமிட்டு மெழுகி, "காஸ் இல்லாட்டி என்ன தம்பி, விறகு கொண்டுவா" என்றார்.

நாம் உடனே புறப்பட்டுச் சென்று வீதியோரத்து விற்பனையாளர் ஒருவரிடம் மூன்று அந்தர் விறகு வாங்கி வந்தோம். அக்காலத்தில் விறகுக்கும் வரிசை இருந்தது. கேட்ட விலையைக் கொடுத்தோம். கட்டை ஒவ்வொன்றும் ஒரே பருமன். வெட்டு வாயிலே நல்ல மஞ்சள் நிறம். தோல் உரியாத அழகு. தாயார் ஒரு கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "உது நேற்று நிண்ட மரமெல்லோ! பாதிக் காசுக்குத் தண்ணியை வாங்கியந்திருக்கிறாய்" என்றார். முதியோர் எதிலும் ஒரு குறை காண்பது வழக்கந்தானே என்று நாமும் அதனைப் பொருட்படுத்தாமல் விட்டோம்.

அன்று தொடங்கி ஒரு மாதம் அக்குசினியிற் புகையே குடியிருந்தது. ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்க வழியில்லை. கட்டையின் ஒரு முனை எரிய, மறுமுனையிலே நீர் கொப்பளித்துச் சீறியது. இரண்டாங் கிழமையில் தாயாருக்கு இருமல் கண்டது. நான்காங் கிழமையில் இரவு முழுவதும் உட்கார்ந்தபடியே மூச்சுவிட வேண்டியதாயிற்று. வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் நெஞ்சிலே குழாயை வைக்கு முன்னரே, "வீட்டிலை என்ன அடுப்பு, அம்மா?" என்று கேட்டார். அடுத்து, "விறகு காய்ஞ்சதோ, பச்சையோ?" என்று கேட்டார். முதலாங் கேள்விக்குத் தாயார் விடை கூறினார். இரண்டாங் கேள்விக்கு அவர் எமது முகத்தைப் பார்த்தார்.

நாம் அன்று வாங்கியது உண்மையில் என்ன என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி நீராகும். ஓர் அந்தர் என்பது ஐம்பது கிலோவுக்குச் சற்று மேல். மூன்று அந்தரில் எழுபத்தைந்து கிலோ நீர். பத்து லீற்றர் வாளியால் அளந்தால் ஏழரை வாளி. நமது கிணற்றில் இலவசமாகக் கிடைக்கும் பொருளை நாம் நிறுத்து விலைகொடுத்து வாங்கி வந்திருந்தோம்.

இனி வெப்பக் கணக்கு. நீர் சிறிதுமில்லாத மரம் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4400 கிலோகலோரி வெப்பம் பிறக்கும். பாலையாயினும் பூவரசாயினும் நிறைக்கு நிறை இதில் பெரிய வேற்றுமை இல்லை. சாதாரண வெப்பநிலையிலுள்ள ஒரு கிலோ நீரைக் கொதிக்கச் செய்து முற்றாக ஆவியாக்குவதற்குச் சுமார் 610 கிலோகலோரி செலவாகும். பச்சை விறகு ஒரு கிலோவில் மரம் அரைக் கிலோதான். அது தரும் 2200இல் நீரை ஆவியாக்க 300 போனால் மிஞ்சுவது 1900. காற்றில் நன்கு உலர்ந்து, ஐந்தில் ஒரு பங்கு நீர் மட்டும் தங்கிய விறகிலோ மரம் 800 கிராம். அது தரும் 3520இல் 120 போனால் மிஞ்சுவது 3400. எனவே, நிறுத்து வாங்குபவர் பச்சை விறகினால் ஏறத்தாழப் பாதி வெப்பத்தை இழக்கின்றார்.

கணக்கில் வல்ல மாணவர் ஒருவர் இவ்விடத்தில் எம்மை மறிக்கக்கூடும். "ஒரு கிலோ பச்சை விறகு உலர்ந்தபின் ஒரு கிலோவாக இராதே! அது 625 கிராமாகக் குறைந்துவிடும். அதன் வெப்பம் 2125 தானே? 1900க்கும் 2125க்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்று அவர் கேட்பாராயின், அவர் கேட்பது முற்றிலும் சரி. நமது வளவிலே நிற்கும் மரத்தை நாமே வெட்டி எரிப்பதாயின், ஆவியாகும் நீரினால் மாத்திரம் ஏற்படும் நட்டம் ஒன்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆனால் பச்சை விறகின் தீமை இவ்வளவோடு நின்றிருந்தால் நாம் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டோம்.

மரம் நேரடியாக எரிவதில்லை. நெருப்புப் பட்ட மரம் முதலிற் சூடேறி, 250 முதல் 300 பாகை செல்சியஸ் அளவிலே சிதைந்து வாயுக்களை வெளிவிடுகின்றது. நாம் சுவாலை என்று காண்பது அவ்வாயுக்கள் எரிவதைத்தான். உலர்ந்த மரத்தின் நிறையில் முக்காற் பங்கு வரை இவ்வாறு வாயுவாகப் பறந்து எரிய, எஞ்சிய கரியே தணலாகக் கனல்கின்றது. இப்பொழுது பச்சைக் கட்டையை எண்ணிப் பாருங்கள். அதனுள்ளே நீர் இருக்கும்வரை, நீர் தங்கிய பகுதி 100 பாகைக்கு அதிகம் மேலே ஏறாது. கட்டையின் வெளிப்புறம் சிதைந்து வாயுவை விட, உள்ளிருந்து வரும் நீராவி அச்சுவாலையைக் குளிர்விக்கின்றது. போதிய சூடின்மையால் வாயுக்கள் எரியாமலே மேலே செல்கின்றன. அவ்வாறு எரியாது போன எரிபொருளே புகை. பானையின் அடியிற் பிசினாக ஒட்டுவதும், கூரை வளையிற் கருமையாகத் தொங்குவதும் அதுவே. அடுப்பிற்குள் எரிந்து சோற்றை வேகவைத்திருக்க வேண்டிய பொருள், சமைப்பவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் சென்றுவிடுகின்றது.

இது சிறிய காரியமன்று. வீடுகளுக்குள்ளே விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் எழும் புகை 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் மக்களின் இறப்புக்குக் காரணமாயிற்று என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. இலங்கையிலே 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்ட குடும்பங்கள் விறகு கொண்டே சமைத்தன. அடுப்படியிலே நிற்பவர் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. தாயின் இடுப்பிலே இருக்கும் குழந்தையும் அதே காற்றையே சுவாசிக்கின்றது. புகையில்லாச் சமையலே யாவற்றிலும் நன்று என்பதை முதலிற் சொல்லிவிடுகின்றோம். உலர்ந்த விறகும் புகையற்றதன்று. எனினும், விறகைத் தவிர வேறு வழியில்லாத இல்லங்களில், செலவின்றிப் புகையைக் குறைக்கும் வழி விறகை உரிய காலத்தில் உலர்த்துவதே.

எமது அம்மம்மாவின் காலத்தில் இதனை எவரும் கற்பிக்கவில்லை; எல்லாரும் செய்தார்கள். தைப்பொங்கல் கழிந்து மழை முற்றாக விட்டபின்னர் விறகு வேலை தொடங்கும். வேலியிலே நிற்கும் பூவரசையும் கிளுவையையும் வெட்டி, குழையைத் தோட்டத்திற் தாழ்ப்பதற்கு அனுப்பியபின், எஞ்சிய தடிகள் விறகுக்கு ஒதுக்கப்படும். வன்னியிலிருந்து வரும் பாலையும் வீரையும் விறகுகாலையில் வாங்கப்பட்டு வண்டிலில் வந்திறங்கும். பங்குனிக்குள் யாவும் கொத்தி முடிந்துவிடும். சித்திரை வெயில் ஒருபுறம், வைகாசி தொடங்கி வீசும் சோளகம் மறுபுறம் என்று ஐந்தாறு மாதங்கள் அவ்விறகு கோடிப்புறத்திலே காயும். புரட்டாதி முடியுமுன் தாழ்வாரத்திற்கு ஏறிவிடும். ஐப்பசியில் இடி முழங்கும்போது அம்மம்மா வானத்தைப் பார்த்ததில்லை, விறகைத்தான் பார்ப்பார்.

இவ்வொழுங்கில் உள்ள நுட்பம் யாது? மரத்துக்குள்ளே நீர் இரு விதமாகத் தங்கியிருக்கின்றது. கலங்களின் உட்குழிகளிலே நிறைந்திருக்கும் நீர் ஒன்று. கலச்சுவர்களோடு ஒட்டியிருக்கும் நீர் மற்றொன்று. முதலாவது எளிதிற் போய்விடும். வெட்டிய சில கிழமைகளிலேயே கட்டை பாரம் குறைவது இதனால்தான். இரண்டாவது நீர் மெல்ல மெல்லவே வெளியேறும். அது வெளியேறத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்கும். வெட்டு வாய்களிலே நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெடிப்புகள் தோன்றும். பாரம் குறைந்தவுடனே விறகு காய்ந்துவிட்டது என்று எண்ணுபவர் பாதி வழியில் நின்றுவிடுகின்றார். வெடிப்புத் தோன்றுவது உலர்தலின் இரண்டாம் பாதி தொடங்கியமைக்கு அடையாளம்.

மேலும், மரத்தின் நீர்ப்பாதைகள் வேரிலிருந்து இலை நோக்கி நெடுக்காகவே அமைந்தவை. ஆகவே, உலரும்போதும் நீர் அறுத்த முனைகளின் வழியே விரைந்தும், பக்கங்களின் வழியே மிக மெதுவாகவும் வெளியேறும். பட்டையோ நீரைத் தடுப்பதற்கென்றே மரம் உடுத்திருக்கும் ஆடை. நீண்ட முழு உருளையாக, பட்டையோடு கிடக்கும் மரம் ஓராண்டு கிடந்தும் உள்ளே ஈரமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அடுப்பிற்கு வேண்டிய நீளத்திற்கு முதலில் அறுத்துவிட வேண்டும். மணிக்கட்டுப் பருமனுக்குக் கொத்திவிட வேண்டும். உலர்த்திவிட்டுக் கொத்துவோம் என்று நினைப்பது வீண் உழைப்பு. பல மரங்களைப் பச்சையிலே கொத்துவது இலகு. காய்ந்த பாலைக் கட்டையிற் கோடரியைப் போட்டவர் இதனை நன்கறிவர்.

அடுக்கும் முறையிலும் தவறுகள் மலிந்துள்ளன. முதலாவது, விறகை நிலத்தில் நேரே குவித்தல். நிலத்தின் ஈரம் ஏறும், கறையான் ஏறும். இரண்டு நீண்ட தடிகளையோ கற்களையோ கீழே இட்டு, ஒரு சாண் உயர்த்தியே அடுக்க வேண்டும். இரண்டாவது தவறு, அடுக்கை முழுவதும் பொலித்தீன் விரிப்பால் மூடிக் கட்டுதல். மழையிலிருந்து காப்பதாக எண்ணி நாம் செய்யும் இக்காரியம் விறகுக்குள்ளிருந்து வரும் ஈரத்தை அங்கேயே அடைத்துவைத்துப் பூஞ்சணத்தை வளர்க்கின்றது. மேலே மாத்திரம் ஒரு தகரமோ கிடுகோ போதும். நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். விறகைக் காயவைப்பதில் வெயிலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு காற்றுக்கும் உண்டு. சோளகத்துக்குக் குறுக்காக, அதாவது காற்று அடுக்கினூடே புகுந்து செல்லும்படி அடுக்குவது நன்று. சுவரோடு ஒட்டி அடுக்கினால் பின்புறம் காயாது. பாம்பும் தேளும் அவ்விடுக்கையே விரும்பும். பிள்ளைகளை விறகெடுக்க அனுப்பும் தாய்மார் இதனை மறத்தலாகாது.

கொழும்பிலும் அதைச் சூழ்ந்த மழை மிகுந்த பகுதிகளிலும் வாழும் வாசகர்களுக்கு இக்காலக் கணக்கு ஒவ்வாது. அங்கே ஆண்டிற்கு இரு பருவ மழை. எரிவதும் பெரும்பாலும் இறப்பர் விறகும் கறுவாக் குச்சியும். கறுவாவின் பட்டையை உரித்துவிட்டே குச்சியை விற்பதால் அது விரைவிற் காய்ந்துவிடும். மற்றவற்றைக் கூரையின் கீழேதான் உலர்த்த வேண்டும். அடுப்புக்கு மேலே பரண் கட்டி, நாளை எரிக்க வேண்டியதை இன்றைய நெருப்பின் சூட்டிலே காயவைக்கும் பழைய வழக்கம் அங்கே மிகவும் பயன்தரும். ஆனால் பரண் சுவாலை எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும்.

எந்த மரம் நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். நிறைக்கு நிறை வெப்பம் ஒன்றே என்று முன்னர்க் கூறினோம். வேறுபடுவது அடர்த்தி. பாலை, வீரை, புளி போன்ற பாரமான மரங்கள் ஒரு கட்டையிலே அதிக எரிபொருளைக் கொண்டவை. நின்று எரியும், நெடுநேரம் தணலாக இருக்கும். சவுக்கும் அவ்வகையினதே. முருங்கையும் முள்முருக்கும் பஞ்சுபோல் எரிந்து சாம்பலாகிவிடும். வேலியில் நடும் சீமைக்கிளுவையை வெட்ட வெட்டத் துளிர்ப்பதாலும், கையளவு பருமனிற் கிடைப்பதாலும் வீட்டு விறகுக்கு உகந்ததென்று சொல்லலாம். பனையும் தென்னையும் நமக்கு ஆண்டு முழுவதும் அளிப்பவற்றை விறகென்று நாம் மதிப்பதேயில்லை. பற்றவைக்கப் பன்னாடையும் காவோலையும், விரைந்து கொதிக்கவைக்கச் சிரட்டை, மெல்லக் கனலப் பொச்சு, இரும்புத் தொழிலுக்கும் உதவும் கரியைத் தரும் ஊமல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உத்தியோகம் உண்டு. பாதைகள் மூடப்பட்டு மண்ணெண்ணெயும் வன்னி விறகும் வராதிருந்த 1990களிலே குடாநாட்டு அடுப்புகளை அணையாது வைத்தவற்றில் இவையே முதன்மையானவை.

எரிக்கக்கூடாதனவும் சில உள. அலரித் தடியை எரிக்கவே கூடாது. அதன் புகையும் நஞ்சு. கடலோரத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும். அதன் அருகிற் கோடரியோடு செல்லாதிருப்பதே நலம். வர்ணம் பூசிய பழைய கதவு, யன்னற் பலகைகளையும் அடுப்பிலிடலாகாது.

இதுவரை சமையலையே பேசினோம். நம் நாட்டிலேயே குளிர் காய்வதற்கு விறகெரிக்கும் இல்லங்களும் உள. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கும் மேலே இருக்கின்றது. தை, மாசி மாதங்களின் அதிகாலைகளிலே சில வேளைகளிற் புல்லின்மீது உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களிற் புகைபோக்கியோடு கூடிய கணப்பு உண்டு. லயத்து அறைகளிலோ பெரும்பாலும் அடுப்பே கணப்பு. புகைபோக்கி பல இடங்களில் இல்லை. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது விழும் மிலாறுகளைப் பெண்கள் கட்டாகக் கட்டித் தலையிற் சுமந்து வந்து காயவைப்பர். கொழுந்துக் கூடையை இறக்கிய பின்னர் விறகுக் கட்டைத் தூக்கும் அக்கழுத்துகளை எண்ணும்போது, விறகு காய்ந்திருத்தல் எத்துணைச் சுமைக் குறைப்பு என்பதும் விளங்கும். முப்பது கிலோப் பச்சைக் கட்டு, மலையிலேயே சில நாட்கள் காய்ந்து கிடந்தால் இருபது கிலோவாகிவிடும். எரியும் பொருளில் எதுவும் குறையாது. மூடுபனி மிகுந்த அப்பகுதியிலே விறகு முற்றாக உலர்வது கடினமாதலால், வெட்டவெளியிற் பாதி உலர்த்திப் பின் கூரையின் கீழ் மீதியை உலர்த்துவதே வழி.

மலைநாட்டு வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குளிருக்காகக் கரிச் சட்டியை அறைக்குள் வைத்து, கதவையும் யன்னலையும் அடைத்துக்கொண்டு உறங்குதல் உயிருக்கு ஆபத்து. கனலும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு எனும் வாயு பிறக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, புகையைப் போல இருமச் செய்து எழுப்பிவிடுவதுமில்லை. உறங்குபவர் உறங்கியபடியே இருந்துவிடுவார். யன்னலைச் சிறிது திறந்துவைத்தல் குளிரைச் சற்றுக் கூட்டும். உறங்கப் போகுமுன் சட்டியை வெளியே வைத்துவிடுதல் அதனினும் நன்று.

குளிருக்காக விறகு எரிப்பதை ஒரு நாட்டுப் பண்பாகவே கொண்டவர்கள் நோர்வேயினர். நம்மவர் பலர் இன்று அங்கே வாழ்வதால், இச்செய்தி சில வீடுகளுக்குக் கடிதமும் தொலைபேசியும் மூலம் ஏற்கெனவே எட்டியிருக்கும். அங்கே குளிர்காலத்தின் பிற்பகுதியிலே, மரத்தில் நீரோட்டம் மீண்டும் எழுமுன், பிர்ச் எனும் வெண்பட்டை மரத்தை வெட்டுவர். வசந்த காலத்திற் பிளந்து அடுக்கிவிட்டால் கோடைக் காற்றிற் காய்ந்து, அடுத்த குளிருக்கு ஆயத்தமாகிவிடும். நமது பங்குனிக்கும் சோளகத்துக்கும் அவர்களின் வசந்தமும் கோடையும் ஈடாகின்றன. லார்ஸ் மித்திங் என்னும் எழுத்தாளர் விறகை வெட்டி, அடுக்கி, உலர்த்துவது பற்றி மாத்திரமே எழுதி 2011இல் வெளியிட்ட நூல் அந்நாட்டிற் பெருந்தொகையாக விற்பனையாயிற்று. 2013 பெப்ரவரியிலே அந்நாட்டு அரச தொலைக்காட்சி விறகுக்கென்றே ஓரிரவு முழுவதும், பன்னிரண்டு மணித்தியாலம், நிகழ்ச்சி நடத்தியது. அதில் எட்டு மணித்தியாலம் திரையிற் காட்டப்பட்டது எரியும் கணப்பு ஒன்றே. பார்த்தவர்களிற் பலர் தம் அதிருப்தியை எழுதி அனுப்பினராம். எதற்காக? அடுக்கிய விறகிலே பட்டை மேற்புறம் இருக்கின்றதே என்று ஒரு சாரார். கீழ்ப்புறம் இருக்கின்றதே என்று மறுசாரார். இதனைப் படித்தபோது எமது அம்மம்மா அந்நாட்டிற் பிறந்திருந்தால் எந்தச் சாராரோடு சேர்ந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டோம். எம்மளவில், மழை படும் மேலடுக்கிற்குப் பட்டை மேற்புறம் இருத்தல் நன்று. உள்ளடுக்குகளில் எப்படியிருந்தாலும் பெரிய குறையில்லை என்போம்.

அவர்கள் விறகு காய்ந்ததைச் சோதிக்கும் வழியொன்று பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கட்டையின் ஒரு முனையிற் சவர்க்கார நீரைத் தடவி, மறுமுனையில் வாயை வைத்து ஊதுவர். நன்கு காய்ந்த பிர்ச் கட்டையாயின் நீர்ப்பாதைகள் வெறுமையாகி, சவர்க்காரம் குமிழியிடும். நமது பாலைக் கட்டையில் இதனைச் செய்து கன்னம் நோகிறது என்று எம்மை நோகவேண்டாம். அதன் துளைகள் மிக நுண்ணியவை. நமக்கு இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தலே போதும். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமானது மொத்தென்று விழும்.

தட்டிக் கேட்கும் காதில்லாதோர்க்கு நாம் கையாளும் முறை ஒன்று உண்டு. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, அடையாளமிட்டு, சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைத்துவிட்டு மீண்டும் அதே இடத்திற் செருகிவிட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிறுக்க வேண்டும். நிறை குறைந்துகொண்டே செல்லும்வரை நீர் போய்க்கொண்டிருக்கின்றது. அடுத்தடுத்து இரு முறை ஒரே நிறை காட்டுமாயின், அவ்வூர்க் காற்றுக்கு அதற்குமேல் உலர்த்தும் ஆற்றல் இல்லை என்பது பொருள். பாடசாலை மாணவர்கள் இதனை வரைபாக வரைந்தால் அழகிய வளைகோடு ஒன்று கிடைக்கும்.

தாயாரின் இருமல் அம்மாரி முடியுமட்டும் நீடித்து, பின்னர் தணிந்தது. வைத்தியர் அடுப்படியைவிட்டு விலகியிருக்கச் சொன்னார். எரிவாயு மீண்டும் கிடைக்கத் தொடங்கியபின் காலைத் தேநீரும் கறிகளும் அதிலேயே ஆகின்றன. ஆயினும் சோறும் மாட்டுக் கஞ்சியும் விறகில்தான். குசினிக்குப் புகைக்கூடு ஒன்று கட்டுவித்தோம். பழைய அடுப்பு இருந்த இடத்தில் 1980களிலிருந்து இந்நாட்டிற் பரவிவரும் அனகி என்னும் களிமண் அடுப்பை வைத்தோம். அடுப்படியிற் பெரும்பாலும் நாமே நிற்கின்றோம். கதவோரத்து நாற்காலியிலிருந்து கட்டளைகள் வருவது மட்டும் நிற்கவில்லை.

இவ்வாண்டு எமது அடையாளக் கட்டை பங்குனியில் 1840 கிராம் நிறுத்தது. சித்திரையில் 1430, வைகாசியில் 1230, ஆனியில் 1160. ஆடியிலும் 1160. தாளில் எழுதிய இவ்விலக்கங்களைத் தாயாரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைத் தேடவில்லை. அடுக்கிலிருந்து இரண்டு கட்டைகளை உருவித் தட்டிப் பார்த்தார். வேறு இடத்திலிருந்து இன்னும் இரண்டை உருவித் தட்டினார். பின்னர், "இனித் தாழ்வாரத்துக்கு ஏத்தலாம். அதுக்கு முதல் பரண் கயித்தை மாத்து தம்பி, அது உக்கிப்போச்சு" என்றார்.